நிறுத்தி வைத்த காரை மழைக்காலத்தில் இயக்குதல்

நீண்ட நாட்கள் ஓட்டாமல் நிறுத்தி வைத்த காரின் எஞ்சினை, வாரம் ஒருமுறையோ இருமுறையோ சில நிமிடங்கள் மட்டும் ஓடவிட்டு அணைக்கும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. 'பேட்டரி இறங்காமல் இருக்கும், எஞ்சின் இறுகாமல் இருக்கும்' என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். நின்ற இடத்திலேயே ஐந்து அல்லது பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவதால் பேட்டரிக்குக் கிடைக்கும் பயன் மிகச் சிறிது. எஞ்சினுக்கும் சைலன்ஸருக்கும் அது ஈரத்தைச் சேர்க்கிறது. காரை உரிய தொலைவு ஓட்டுவது, அது இயலாவிட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுக் காரை அப்படியே விட்டுவைப்பது ஆகிய இரண்டுமே இதைவிட நல்ல வழிகள் ஆகும். வெள்ளநீர் புகுந்த காரை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

இக்கட்டுரை திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் பரந்துள்ள தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பருவநிலையை அடிப்படையாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

பின்னணி

தாமிரபரணி பொதிகை மலையில் தோன்றி, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகச் சென்று புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இப்பகுதிக்குப் பெருமளவு மழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை ஆகும். மேற்கே தென்காசி, குற்றாலம் பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலும் உண்டு. ஆகவே ஆண்டில் பல மாதங்கள் காற்றில் ஈரம் மிகுந்தே இருக்கும். ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் கடற்கரையிலும் இந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது.

இவ்வூர்களில் சென்னை, பெங்களூரு, வளைகுடா நாடுகள், அமெரிக்கா எனப் பிழைப்புக்குச் சென்றவர்களின் கார்கள் பெற்றோர் வீட்டில் நிற்பது இயல்பான காட்சி. பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ வரும்போது மட்டும் அவை வெளியே எடுக்கப்படும். மற்ற நாட்களில், 'வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வையுங்கள்' என்ற பொறுப்பு வீட்டிலிருக்கும் முதியவர் மீது விழுகிறது. அவர்களில் பலருக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வயது காரணமாக ஓட்டுவதை நிறுத்தியிருப்பர். எனவே சாவியைத் திருப்பி ஐந்து நிமிடம் காத்திருந்து அணைப்பதே அவர்கள் செய்யக்கூடியதாக இருக்கிறது.

வழக்கத்தின் தோற்றம்

இவ்வழக்கத்திற்கு இரண்டு வேர்கள் உண்டு. முதலாவது, குளிர்நாடுகளின் பழக்கம். கனடா போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகுவாகக் கீழே செல்லும். அப்போது எஞ்சின் எண்ணெய் தடித்துவிடும். பேட்டரியின் திறனும் குறையும். சார்ஜ் முற்றிலும் இறங்கிய பேட்டரியில் உள்ள அமிலக் கரைசலில் நீரே மிகுதியாக இருப்பதால் அது உறைந்து, பேட்டரியின் பெட்டி வெடிப்பதும் உண்டு. நன்கு சார்ஜ் உள்ள பேட்டரி அவ்வாறு எளிதில் உறையாது. அங்கும் பல மாதங்கள் நிறுத்தப்படும் கார்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது, இடையிடையே ஸ்டார்ட் செய்வதன்று. பேட்டரியைச் சிறிய சார்ஜரில் இணைத்து வைப்பதே ஆகும்.

இரண்டாவது, கார்புரேட்டர் காலத்து அனுபவம். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களில் கார்புரேட்டரின் சிறு கிண்ணத்தில் பெட்ரோல் தேங்கி நிற்கும். பல நாட்கள் நின்றால் அது ஆவியாகி, பிசின் போன்ற கசடு துளைகளை அடைத்துக்கொள்ளும். அடிக்கடி ஸ்டார்ட் செய்தால் புதிய பெட்ரோல் வந்து நிரம்பும். இன்றைய கார்களில் எரிபொருள் மூடிய குழாய்களில் அழுத்தத்துடன் நிற்பதால் இத்தேவை பெரும்பாலும் இல்லை.

திருநெல்வேலியில் மார்கழி, தை மாத அதிகாலையிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. அந்த வெப்பநிலையில் எஞ்சின் எண்ணெய் நன்றாகவே ஓடும். எனவே குளிர் இங்கு ஒரு சிக்கலே அன்று. இங்குள்ள சிக்கல்கள் ஈரம், வெப்பம், எலி, வெள்ளம் ஆகிய நான்குமே.

பேட்டரி

காரின் பேட்டரி ஈய-அமில வகையைச் சேர்ந்தது. ஆறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டு 12 வோல்ட் எனக் குறிக்கப்படுகிறது. சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரியின் மின்னழுத்தத்தை மல்ட்டிமீட்டரால் அளந்தால் அதன் நிலையை ஓரளவு அறியலாம்:

- 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல்: முழு சார்ஜ்
- 12.4 வோல்ட்: ஏறத்தாழ முக்கால் பங்கு
- 12.2 வோல்ட்: ஏறத்தாழ பாதி
- 12.0 வோல்ட்: கால் பங்கு, எஞ்சின் கிளம்புவது ஐயம்

சார்ஜ் குறைந்த நிலையிலேயே பல வாரங்கள் விடப்பட்டால் ஈயத் தகடுகளின் மீது ஈய சல்பேட்டுப் படிகங்கள் இறுகிப் படியும். பின்னர் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. பேட்டரி 'செத்துப்போவது' பெரும்பாலும் இவ்வாறே.

கார் அணைக்கப்பட்டிருக்கும்போதும் அதன் கடிகாரம், திருட்டு எச்சரிக்கை, ரிமோட் பூட்டு, கணினிப் பகுதிகள் ஆகியன சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. பொதுவாக இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கும். இதனை வைத்து ஒரு கணக்குப் பார்க்கலாம்.

சிறிய பெட்ரோல் கார் ஒன்றின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது என்க. நிற்கும்போது எடுக்கப்படும் மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியர் என்க. ஒரு நாளைக்கு 0.03 × 24 = 0.72 ஆம்பியர்-மணி செலவாகும். ஒரு வாரத்திற்கு ஏறத்தாழ 5 ஆம்பியர்-மணி. பேட்டரி பாதியாக இறங்க 24 நாட்கள் ஆகும்.

இப்போது வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவதாகக் கொள்வோம். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் வீதம் இரண்டு விநாடி எடுத்தாலும் செலவு 0.1 ஆம்பியர்-மணிக்கும் குறைவே. ஆகவே ஸ்டார்ட் செய்வதால் ஏற்படும் இழப்பு பெரிதன்று. ஆனால் வரவும் பெரிதன்று. ஆல்ட்டர்னேட்டர் மெதுவான ஓட்டத்தில் பேட்டரிக்கு 10 ஆம்பியர் தருவதாகக் கொண்டாலும் ஐந்து நிமிடத்தில் சேர்வது 0.8 ஆம்பியர்-மணி மட்டுமே. வாரச் செலவு 5. வரவு ஒன்றுக்கும் குறைவு. இந்தக் கணக்கின்படி பேட்டரி பாதியாக இறங்க 28 நாட்கள் ஆகும். அதாவது நான்கு வாரமும் தவறாமல் ஸ்டார்ட் செய்து வந்ததன் மொத்தப் பயன் நான்கு நாட்களே. அந்த ஐந்து நிமிடத்தில் ஏசியோ முகப்பு விளக்கோ எரிந்தால் அதுவும் கிட்டாது.

மாறாக, பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட்டால் காரின் அன்றாட மின்செலவு முற்றிலும் நின்றுவிடும். எஞ்சியிருப்பது பேட்டரி தானாகச் சார்ஜ் இழப்பது மட்டுமே. நல்ல நிலையில் உள்ள பேட்டரியில் அது மாதத்திற்குச் சில விழுக்காடுதான். இந்தத் தன்னிழப்பு வெப்பம் கூடக் கூட விரைவடையும். எனவே திருநெல்வேலியில் பேட்டரிக்கு உண்மையான சோதனைக் காலம் மார்கழி அன்று. பங்குனி முதல் வைகாசி வரையிலான கோடையே. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது வாரக்கணக்கில் நின்ற பல கார்கள் மே மாதத்தில் கிளம்ப மறுத்ததற்கு நின்ற நாட்களும் கோடை வெப்பமும் சேர்ந்தே காரணம்.

எஞ்சினும் ஈரமும்

பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மங்களின் கலவை. அது எரியும்போது கார்பன் டை ஆக்சைடுடன் நீரும் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிடைக்கும் நீர், திரவமாகக் கணக்கிட்டால், ஏறத்தாழ ஒரு லிட்டர். எரியும் வெப்பத்தில் அது நீராவியாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. காலையில் காரை எடுக்கும்போது சைலன்ஸர் முனையில் சொட்டும் நீர் இதுவே.

சிறிய கார் ஒன்று நின்ற நிலையில் மணிக்கு 0.8 லிட்டர் பெட்ரோல் எரிப்பதாகக் கொண்டால், ஐந்து நிமிடத்தில் 65 மில்லி லிட்டருக்குச் சற்று மேல் எரியும்; அதே அளவு நீர் உண்டாகும். நான்கு வாரத்தில் ஒரு தம்ளருக்கு மேல். இதில் பெரும்பகுதி புகையோடு வெளியேறிவிடும். எனினும் சைலன்ஸர் நன்கு சூடேறும் முன் எஞ்சின் அணைக்கப்படுவதால் ஒரு பகுதி அதன் உட்சுவரில் நீராகத் தங்கி, எரிவாயுக்களோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். ஓட்டாமல் ஸ்டார்ட் மட்டும் செய்யப்படும் கார்களில் சைலன்ஸர் துருப்பிடித்து ஓட்டை விழுவது இதனாலேயே.

மற்றொரு சிறு பகுதி, பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியாகக் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயில் கலக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகச் செலுத்தப்படுவதால் எரியாத பெட்ரோலும் சிறிது கலக்கும். எண்ணெய் நன்கு சூடேறி, ஏறத்தாழ நீரின் கொதிநிலையை நெருங்கும் வெப்பத்தில் சிறிது நேரம் ஓடினால்தான் இவ்விரண்டும் ஆவியாகி வெளியேறும். வெப்பமானி முள் நடுவில் நிற்பது குளிர்விக்கும் நீரின் வெப்பத்தைக் காட்டுகிறது. எண்ணெய் சூடேற அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். நின்ற நிலையில் எஞ்சின் ஓடினால் அது இன்னும் நீளும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கும்போது உட்புறம் மோர் போன்ற வெண்ணிறப் படிவு இருந்தால், எண்ணெயில் ஈரம் சேர்கிறது என்பது பொருள்.

இதனால்தான் டவுனிலிருந்து ஜங்ஷன் வரை சென்று திரும்பும் சில கிலோமீட்டர் ஓட்டமும் போதாது. பாளையங்கோட்டையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் நான்கு வழிச்சாலையில் நாங்குநேரி வரை சென்று திரும்புவது போன்ற ஓட்டமே எண்ணெயை உரிய வெப்பத்திற்குக் கொண்டுவரும். பேட்டரிக்கும் உண்மையான சார்ஜ் தரும்.

எஞ்சின் 'இறுகிவிடும்' என்ற அச்சம் சில வாரங்களுக்கோ ஓரிரு மாதங்களுக்கோ பொருந்தாது. நல்ல எண்ணெய் உள்ள எஞ்சினின் உட்பகுதிகளில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தங்கியே இருக்கும். பழைய, கறுத்த எண்ணெயில் அமிலமும் ஈரமும் மிகுந்திருக்கும் என்பதால், நீண்ட காலம் நிறுத்துவதாக இருந்தால் நிறுத்தும் முன்பே எண்ணெயை மாற்றிவிடுவது நல்லது.

டீசல் கார்கள்

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளின்படி விற்கப்படும் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி உள்ளது. அதில் சேரும் கரி, வேகமாகவும் தொடர்ச்சியாகவும் ஓடும்போது உண்டாகும் வெப்பத்தில் எரிந்து வடிகட்டி தூய்மையாகும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால் கரி சேருமே தவிர எரியாது. பல முறை இவ்வாறு செய்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். வடிகட்டி அடைத்துக்கொண்டால் சரிசெய்யும் செலவு மிகுதி. எனவே இவ்வகைக் கார்களுக்கு இவ்வழக்கம் பெட்ரோல் கார்களைவிடக் கூடுதல் தீங்கானது.

எரிபொருள்

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தப்பட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஓரளவுக்கு மேல் நீர் சேர்ந்தால் நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எரிபொருள் பம்ப் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான். தொட்டியில் பெட்ரோல் குறைவாகவும் காற்றுவெளி மிகுதியாகவும் இருந்தால் ஈரம் சேர வாய்ப்பு கூடும். ஆகவே மழைக்காலத்தில் காரை நிறுத்தும்போது தொட்டியை நிரப்பி வைப்பது நன்று. டீசல் தொட்டிக்கும் இது பொருந்தும். டீசலில் நீர் சேர்ந்தால் அந்த நீரில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வடிகட்டியை அடைக்கும்.

பிற பகுதிகள்

*பிரேக்:* கைப்பிரேக் போட்டபடி வாரக்கணக்கில் நின்றால், ஈரத்தில் பிரேக் பட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கைப்பிரேக்கை விடுவித்து, முதல் கியரில் வைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை வைக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் 'பார்க்' நிலையில் வைத்துக் கட்டை கொடுக்கலாம். காயல்பட்டினம், திருச்செந்தூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் பிரேக் தட்டில் துரு விரைவில் படியும். மெல்லிய துரு, ஓட்டிச் சில முறை பிரேக் பிடித்தாலே போய்விடும்.

*டயர்:* நிறுத்தும் முன் காற்றைச் சரியான அளவுக்கு நிரப்ப வேண்டும். காற்றுக் குறைந்த டயர் ஒரே இடத்தில் அழுந்தி அடிப்பக்கம் தட்டையாகும். மாதம் ஒருமுறை காரை அரைச் சக்கரம் தள்ளி நிறுத்தினால் இது நேராது.

*எலி:* மழையில் வயலும் தோட்டமும் நனையும்போது எலிகள் உலர்ந்த இடம் தேடி எஞ்சின் பகுதிக்குள் புகும். ஒயர்களைக் கடிக்கும், காற்று வடிகட்டிப் பெட்டியிலும் ஏசி வடிகட்டியிலும் கூடு கட்டும். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து வெளிச்சம் படப் பார்ப்பது, எஞ்சினை ஓடவிடுவதைவிடப் பயனுள்ள வேலை. அரிசி, தவிட்டு மூட்டைகளைக் காரின் அருகில் வைக்கலாகாது.

*மரத்தடி:* வேப்பமரத்தடியில் நிற்கும் காரில், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள நீர் வடியும் துளைகளை இலையும் பூவும் அடைத்துவிடும். பின்னர் பெய்யும் மழைநீர் வழியின்றிக் காருக்குள் இறங்கும். இத்துளைகளை ஐப்பசிக்கு முன்பே சுத்தம் செய்ய வேண்டும்.

*உறை:* தார்ப்பாயோ பிளாஸ்டிக் உறையோ ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். காற்றுப் புகும் துணி உறையே ஏற்றது. ஈரமான காரை மூடக் கூடாது.

மூடிய கார் ஷெட்டில் ஆபத்து

எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ அற்ற நச்சு வாயு. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிடப் பன்மடங்கு உறுதியாகப் பிணைந்து, உடலுக்கு ஆக்சிஜன் செல்வதைத் தடுக்கிறது. தலைவலி, தலைசுற்றல், மயக்கம் என்று தொடங்கி உயிரையே பறிக்கும். மழை பெய்கிறது என்று ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே எஞ்சினை ஓடவிடுவது மிகவும் ஆபத்தானது. ஷட்டர் பாதி திறந்திருந்தாலும் பாதுகாப்பு எனக் கருத முடியாது. போர்டிகோவை ஒட்டிப் படுக்கையறைச் சன்னல் இருந்தால் அதன் வழியாகவும் புகை வீட்டினுள் செல்லும். முதியவர் தனியே இருக்கும் வீட்டில் இதனைத் தனிக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

கால அளவுக்கேற்ற நடைமுறை

*இரண்டு வாரம் வரை:* எதுவும் செய்யத் தேவையில்லை. பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் கார் தானே கிளம்பும்.

*இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை:* ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை முப்பது முதல் நாற்பது நிமிடம் வெளிச்சாலையில் ஓட்ட வேண்டும். அப்போது ஏசியையும் பத்து நிமிடம் போட்டால் கம்ப்ரசரின் அடைப்பான்களுக்கு எண்ணெய் செல்லும். ஓட்டுபவர் இல்லையெனில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடலாம்.

*இரண்டு மாதத்திற்கு மேல்:* தொட்டியை நிரப்பி, டயருக்குக் காற்றடைத்து, எண்ணெய் பழையதானால் மாற்றி, பேட்டரியைக் கழற்ற வேண்டும். கழற்றிய பேட்டரியை இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை பேட்டரிக் கடையில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றி வாங்கலாம். நிறுத்துமிடத்தில் மின்வசதி இருந்தால், முழு சார்ஜ் ஆனதும் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் சிறிய சார்ஜரை இணைத்து வைக்கலாம்.

எதிர்முனை என்பது பேட்டரியில் கழித்தல் குறியிட்ட, பெரும்பாலும் கறுப்பு ஒயர் இணைந்த முனை. பெரும்பாலான கார்களில் 10 நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். முதலில் எதிர்முனையையே கழற்ற வேண்டும். நேர்முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் காரின் உலோகத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். இணைப்பைக் கழற்றுவதால் கடிகாரம், ரேடியோ, கண்ணாடி ஏற்றம் ஆகியவற்றின் அமைப்பு அழியலாம், பின்னர் சரிசெய்துகொள்ளலாம். ரிமோட் வேலை செய்யாது என்பதால் கதவைச் சாவியால் திறக்க முடிகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம்.

வெளியூரில் இருப்பவர் ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் கால் மணி நேரம் ஒதுக்கி இவ்வேலைகளைச் செய்துவிட்டால், வீட்டிலிருக்கும் பெற்றோருக்கு வாரந்தோறும் சாவி எடுக்கும் வேலையே இல்லை.

மின்சாரக் கார்களிலும் கதவு, திரை, கணினிக்கென 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு, அதுவும் இறங்கக்கூடியதே. பெரிய பேட்டரியை முழுதாகவோ வெறுமையாகவோ விடாமல் பாதி அளவில் வைத்து, நிறுவனத்தின் கையேட்டைப் பின்பற்ற வேண்டும்.

மீண்டும் எடுக்கும் முறை

1. பானெட்டைத் திறந்து எலிக்கூடு, கடிபட்ட ஒயர், எண்ணெய்க் கசிவு உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். காரின் அடியில் பூனையோ நாயோ படுத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.
2. எஞ்சின் எண்ணெய், குளிர்விக்கும் நீர், பிரேக் எண்ணெய் ஆகியவற்றின் அளவைச் சரிபார்க்க வேண்டும்.
3. பேட்டரியை இணைக்க வேண்டும். இரு முனைகளும் கழன்றிருந்தால் முதலில் நேர்முனை, பிறகு எதிர்முனை.
4. சாவியை 'ஆன்' நிலையில் சில விநாடி வைத்து, பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றிய பின் ஸ்டார்ட் செய்ய வேண்டும். உடனே ஆக்சிலரேட்டரை மிதிக்கலாகாது. அரை நிமிடத்தில் எண்ணெய் எல்லா இடமும் சென்றுவிடும்.
5. மெதுவாகக் கிளம்பி, ஆளில்லாத இடத்தில் பிரேக்கைச் சோதித்துப் பார்த்த பிறகே சாலைக்குச் செல்ல வேண்டும்.

பேட்டரி இறங்கியிருந்தால் வேறு காரின் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுக்கலாம். சிவப்புக் கேபிளை இறங்கிய பேட்டரியின் நேர்முனையிலும் பின்னர் நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் இணைக்க வேண்டும். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் எதிர்முனையிலும், அதன் மறுமுனையை இறங்கிய காரின் எஞ்சின் உலோகப் பகுதியிலும் மாட்ட வேண்டும். பேட்டரியின் அருகில் ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும் என்பதால் கடைசி இணைப்பு பேட்டரியிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும்.

வெள்ளம் புகுந்த கார்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென் மாவட்டங்களில் பெய்த மழை, இப்பகுதி கண்டவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. அளவுக்கும், திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம் ஆகிய இடங்களில் 60 செ.மீ.க்கு மேலும் மழை பதிவானது. தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்து, திருநெல்வேலியில் கொக்கிரகுளம், ஜங்ஷன் பகுதிகள் உட்படப் பல இடங்கள் நீரில் மூழ்கின. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டனர். வீட்டு வாசலிலும் கார் ஷெட்டிலும் நின்ற வாகனங்கள் நின்றபடியே மூழ்கின.

இத்தகைய காரை வெள்ளம் வடிந்ததும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஸ்டார்ட் செய்வதே எஞ்சினை அழிக்கும் செயல். எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறி அழுத்துவது காற்றை, காற்று சுருங்கும். உள்ளே நீர் இருந்தால் அது சுருங்காது. பிஸ்டன் நடுவழியில் முட்டி நிற்க, அதனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளையும் அல்லது முறியும். ஸ்டார்ட் செய்யாமல் விட்டிருந்தால் நீரை வெளியேற்றி, எண்ணெயையும் வடிகட்டிகளையும் மாற்றிக் காப்பாற்றியிருக்கக்கூடிய எஞ்சின், ஒரு முறை சாவி திருப்பியதால் முழுதாகப் பிரித்து வேலை பார்க்க வேண்டியதாகிவிடும். மூழ்கிய காரின் மின் இணைப்புகளில் ஈரம் இருப்பதால் கணினிப் பகுதிகளும் அதே நொடியில் கருகலாம்.

செய்ய வேண்டியவை:

- சாவியை 'ஆன்' நிலைக்குக்கூடத் திருப்பக் கூடாது. பொத்தான் வகைக் காராயின் ரிமோட்டை வீட்டிற்குள்ளேயே வைக்க வேண்டும்.
- நீர் எந்த உயரம் வரை ஏறியது என்பது தெரியும்படி, சேற்றுக் கோட்டுடன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.
- பாதுகாப்பாக அணுக முடிந்தால் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். மின்சாரக் காரையும் ஹைபிரிட் காரையும் தொடாமல் நிறுவனத்தாரை அழைக்க வேண்டும்.
- கட்டி இழுக்காமல், மேடை வண்டியில் ஏற்றியே பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.
- பட்டறையில் காற்று வடிகட்டி நனைந்துள்ளதா, அளவுக்கம்பியில் எண்ணெய் வெளுத்துள்ளதா எனப் பார்த்து, பெட்ரோல் காராயின் ஸ்பார்க் பிளக்குகளையும் டீசல் காராயின் குளோ பிளக்கு அல்லது இன்ஜெக்டர்களையும் கழற்றி நீரை வெளியேற்றிய பிறகே எஞ்சினைச் சுழற்றுவர்.

நீர் சக்கரத்தின் பாதி உயரத்திற்குள் நின்று, காரின் உட்தரை நனையாமல் இருந்தால் எஞ்சினுக்குள் நீர் சென்றிருக்க வாய்ப்பு குறைவு. ஆயினும் மெக்கானிக் பார்த்த பிறகே எடுப்பது நல்லது. கனமழை எச்சரிக்கை வரும்போது, ஆற்றோரத்திலும் குளத்தின் மறுகால் வழியிலும் நிற்கும் காரை முன்னதாகவே மேட்டுப்பாங்கான இடத்திற்கு மாற்றுவதே சிறந்த காப்பு. ஓட்டாமல் நிறுத்தியிருக்கும் காரை அவசரத்தில் நகர்த்தக்கூடியவர் தெருவில் யார், சாவி எங்கே இருக்கிறது, பேட்டரியை இணைப்பது எப்படி என்பதை மழைக்காலம் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

காப்பீடு

முழுமைக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் பொதுவாக அடங்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் சொந்தக் காரின் சேதத்திற்கு எதுவும் கிடைக்காது. முழுமைக் காப்பீட்டிலும், நீர் புகுந்த பின் ஸ்டார்ட் செய்ததால் எஞ்சினுக்கு ஏற்பட்ட சேதம் தொடர்விளைவு இழப்பு எனக் கருதப்பட்டு மறுக்கப்படுவது வழக்கம். இதற்கெனக் கூடுதல் தொகை செலுத்திப் பெறும் 'எஞ்சின் பாதுகாப்பு' சேர்க்கை தனியே உண்டு. அதன் நிபந்தனைகளையும் படித்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டாத காருக்குக் காப்பீடு எதற்கு என்று புதுப்பிக்காமல் விடுவோர் உண்டு. கெடு முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் உரிமை கோராமைக்கான சலுகை இழக்கப்படும். அதைவிடப் பெரிய இழப்பு, நின்ற இடத்திலேயே கார் மூழ்கினால் இழப்பீடு இல்லாமல் போவது. ஆகவே நிறுத்தி வைக்கும் காரின் காப்பீட்டு நாள் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் முடிகிறதா என்பதைக் காரை நிறுத்தும் அன்றே பார்த்துப் புதுப்பித்துவிட வேண்டும்.